சினத்தின் முகவரி

சினம் கொள்வது பாவமா? தலையான பாவங்கள் ஏழு என்று மறைக்கல்வியில் மனப்பாடம் செய்த நாம், 'ஆம்' என்று உடனே விடை கூறுவோம். ஆயினும், ஆண்டவரே எருசலேம் கோவிலில் நாணயம் மாற்றுவோரின் மேசைகளைக் கவிழ்த்தார் அல்லவா? எனவே சினம் கொள்ளலாமா என்பதோடு, யார்மீது கொள்கிறோம் என்பதும் கேட்கப்பட வேண்டும். அண்மையில் ஒரு பெரிய அங்காடியில் இக்கேள்வி நம்மை உறுத்தியது.

பங்கு இல்லத்துக்கு மளிகைப் பொருள்கள் வாங்கச் சென்றிருந்தோம். பில் போடும் மேசைகள் ஆறில் இரண்டே இயங்கின. அரை மணி நேரம் வரிசையில் நின்று முன்னே சென்றால், அடுக்கில் எழுதியிருந்ததைவிட எண்ணெய்க்கு 24 ரூபாய் கூடுதலாக இருந்தது. கைப்பேசி எண்ணைக் கேட்டனர். பைக்குத் தனிக்காசு என்றனர். பொறுமை இழந்தோம். "இது பகற்கொள்ளை அல்லவா?" என்று பில் போட்ட பெண்ணிடம் குரலை உயர்த்தினோம். "கம்ப்யூட்டர்ல அப்படித்தான் வருது சார், எங்களால மாத்த முடியாது" என்றாள். அதற்கும் கடிந்துகொண்டோம். பொருள்களை எடுத்துக்கொண்டு திரும்புகையில், அவள் வலிக்கும் ஒரு காலை மாற்றி மறுகாலை ஊன்றியதைக் கண்டோம். அவளருகில் நாற்காலி இல்லை.

தெருமுனை அண்ணாச்சி கடையில் எடை குறைந்தால் அண்ணாச்சியிடமே கேட்போம். அவரும் தவறக்கூடியவரே, கள்ளத் தராசை ஆமோஸ் இறைவாக்கினர் கண்டித்த காலத்தில் பேரங்காடிகள் இல்லை. ஆனால் விலை வைத்தவரும் முறையீட்டைக் கேட்பவரும் அங்கே ஒருவரே. பெரிய அங்காடியிலோ விலையைக் குறித்தவரும், ஆள்களைக் குறைத்தவரும் எங்கோ இருக்கின்றனர். முடிவெடுப்பவர் நம் கண்ணில் படுவதில்லை. கண்ணில் படுபவருக்கு முடிவெடுக்கும் உரிமையில்லை. நம் ஏச்சைத் தாங்குவதும் அவரது வேலையாகிவிடுகிறது.

அறிவுக்கு இசைந்த சினம் போற்றத்தக்கது என்றே புனித தோமா அக்குவினாஸ் கற்பிக்கிறார். ஆனால் தண்டனைக்கு உரியவரல்லாதவரைத் தண்டிக்க விழைந்தால், அது பாவமாகும் என்கிறார். குருமடத்தில் இதைப் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறோம். 24 ரூபாய்க்காக அதை மறந்தோம். நம் முறையீடு நியாயமானதே. அதைச் சுமத்திய தோள்தான் தவறானது.

அப்படியானால் வாய்மூடிப் போவதுதான் கிறிஸ்தவப் பொறுமையா? அன்று. அநீதிக்கு இணங்குவது சாந்தம் ஆகாது. கிளை மேலாளரை அழைத்துப் பேசலாம், நிறுவனத்துக்கு எழுதலாம், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது நேர்மையற்ற வணிகம் என 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. இவ்வழிகளில் நேரம் செலவாகும். எதிரில் நிற்பவரை ஏசுவதோ எளிது. அந்த எளிமையே நமக்குச் சோதனை.

நம் உரிமையைக் கேட்கும் வாய், பிறர் உரிமையையும் கேட்க வேண்டாமா? கடைப் பணியாளர்கள் அமர இருக்கை தரப்பட வேண்டும் என்று கேரளத்தில் 2018இலும், தமிழ்நாட்டில் 2021இலும் சட்டம் திருத்தப்பட்டது. உழைப்பாளரின் மாண்பைப் பற்றித் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891இலேயே சுற்றுமடல் விடுத்தார். "இங்கே நாற்காலி ஏன் இல்லை?" என்று மேலாளரிடம் வாடிக்கையாளர் ஒருவர் கேட்டால், அதுவும் ஒரு நற்செய்திப் பணியே. அன்று நாம் 24 ரூபாயைப் பற்றி மட்டுமே கேட்டோம்.

மறுவாரம் மன்னிப்புக் கேட்க அங்கே சென்றோம். அப்பெண் வேலையை விட்டு நின்றுவிட்டதாகக் கூறினர். எந்த ஊர் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. அவள் பெயரையும் நாம் அன்று கேட்டிருக்கவில்லை.

நம்மேல் மனத்தாங்கல் கொண்டவர் உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு முதலில் அவரோடு நல்லுறவு கொள்ளுமாறு ஆண்டவர் பணித்தார். நாளும் பீடத்தில் நிற்கிறோம். போய்ப் பார்க்க வேண்டியவரின் முகவரி நம்மிடம் இல்லை. அடுத்த கடையில் நம்முன் நிற்கப்போகும் இன்னொருவரிடமாவது அக்கடனைத் தீர்க்க இறைவன் அருள்வாராக.