ஓடும் வண்டியில் கை வைப்பது

பழுது இன்னும் வெளிப்படாத, ஆனால் வெளிப்படக்கூடும் என்று அறியப்பட்ட ஓர் உறுப்பை முன்கூட்டியே மாற்றுவதா, அது நின்றுபோகும் நாள்வரை ஓட்டுவதா என்னும் கேள்வி, 2013-இல் இந்தியச் சந்தைக்கு வந்த போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. காரைக் கோயம்புத்தூரில் இன்றும் விரும்பி வைத்திருப்போர் முன் நிற்கிறது. கரிவர்தன் பந்தயக் கார்களை உருவாக்கிய, பந்தய ஓட்டுநர் நரேன் கார்த்திகேயன் வளர்ந்த, செட்டிபாளையத்தில் பந்தயத் தடம் கொண்ட இவ்வூரில் ஒரு சிறிய காரின் வேகத்தை நேசிப்பது வீண்பெருமையாகக் கருதப்படுவதில்லை. 1.2 லிட்டர் டர்போ எஞ்சினும் ஏழு கியர் டி.எஸ்.ஜி. பெட்டியும் அந்த வேகத்தை நடுத்தரக் குடும்பத்தின் கைக்கும் எட்டச் செய்தன. ஐயத்துக்கு இடமாக இருப்பதும் அதே கியர்ப் பெட்டிதான்.

டி.எஸ்.ஜி. என்பது இரட்டைக் கிளட்ச் அமைப்பு. ஒற்றைப்படை கியர்களை ஒரு கிளட்சும், இரட்டைப்படை கியர்களையும் ரிவர்ஸையும் மற்றொன்றும் ஏற்றுக்கொள்வதால், அடுத்த கியர் முன்னரே பிணைந்து காத்திருக்க, இழுவை அறுபடாமல் வண்டி பாய்கிறது. இவ்விரண்டையும் ஆள்வது மெக்கட்ரானிக்ஸ், அதாவது எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் வால்வுகளும் மின்னணுப் பலகையும் ஒன்றாக அடங்கிய தொகுதி. அழுத்தத்தைச் சேமிக்கும் சிறு உருளை திருகப்பட்டுள்ள இடத்தில், ஏறி இறங்கும் அழுத்தத்தை ஆண்டுக்கணக்கில் தாங்கும் அலுமினியக் கூடு விரிசல் விடலாம்; விரிசல் வழியே எண்ணெய் கசிந்து அழுத்தம் இழந்தால் இரு கிளட்சுகளும் விடுபட்டு, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தாலும் சக்கரங்களுக்கு விசை செல்லாது. இதே வகைப் பெட்டியில் வேறொரு குறையும் அறியப்பட்டது: வெப்பமும் ஈரமும் மிக்க இடங்களில் செயற்கை எண்ணெய் மின்கோளாறுக்கு வழிவகுக்கலாம் என்று கண்டு, 2013 நவம்பரில் உலகெங்கும் சுமார் 16 லட்சம் கார்களைத் தயாரிப்பு நிறுவனம் திரும்ப அழைத்து, கனிம எண்ணெய்க்கு மாற்றியது.

கொங்கு நாட்டின் தொழில் மரபு முன்பராமரிப்பின் பக்கமே சாய்கிறது. 1956-இல் கோவையில் தொடங்கப்பட்ட சிட்ரா என்னும் ஜவுளி ஆராய்ச்சி நிறுவனத்தின் சூழலில் வளர்ந்த நூற்பாலைகளில், வளையத்தின்மீது சுற்றி ஓடி நூலைச் செலுத்தும் டிராவலர் என்ற சிறு கம்பித் துண்டு, அறுந்து விழும்வரை விடப்படுவதில்லை. குறித்த மணிநேரம் ஓடியதும் மாற்றப்படுகிறது. அது தேயும் வேகம் ஏறத்தாழ அறியப்பட்டது, விலை அற்பம், மாற்றுவது எளிது என்பதால் அங்கே அந்த ஒழுங்கு முழுக்கப் பொருந்துகிறது. அதே ஒழுங்கை மெக்கட்ரானிக்ஸுக்கு நீட்டும்போதுதான் தர்க்கம் தடுமாறுகிறது.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் கடலோரக் காவல் விமானங்களை ஆராய்ந்த உயிரியலாளர் சி.எச். வாடிங்டன், எதிர்பாராத பழுதுகள் கால முறைப் பரிசோதனை முடிந்த உடனே மிகுந்தும், பின்னர் படிப்படியாகக் குறைந்தும் வருவதைக் கண்டார். நன்றாக இருந்ததைத் திறந்து மூடியதே பழுதை உண்டாக்கியிருந்தது. யுனைடெட் ஏர்லைன்ஸின் நௌலன், ஹீப் இருவரும் 1978-இல் அளித்த அறிக்கை, விமான உறுப்புகளில் 89 விழுக்காட்டுக்கு வயது வரம்பு வைத்து மாற்றுவதால் பயனில்லை என்று காட்டியது. ஓடுகிற வண்டியில் கை வைக்காதே என்று பீளமேட்டுப் பட்டறைகளில் சொல்லப்படும் அறிவுரையைச் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு இவை சான்று. அன்றியும், விரிசல் விடும் வடிவத்திலேயே வார்க்கப்பட்ட கூட்டைக் கழற்றிவிட்டு அதே வடிவத்தில் புதிய கூட்டைப் பூட்டினால், குறை நீங்குவதில்லை, கடிகாரம் மட்டுமே பின்னுக்குத் திருப்பப்படுகிறது. வலுவூட்டப்பட்ட கூடு கிடைத்தால்தான் செலவு பொருளுடையதாகிறது. செயற்கை எண்ணெயை மாற்றுவதோ மின்கோளாறின் காரணத்தையே தொடுகிறது, செலவும் குறைவு. அதைத் தள்ளிப்போடுவதற்கு நியாயமே இல்லை.

ஆயினும் அந்த 1978 அறிக்கையின் ஆழமான பங்களிப்பு விழுக்காட்டுக் கணக்கில் இல்லை. ஓர் உறுப்பு எப்போது பழுதாகும் என்பதற்கு முன், பழுதானால் யாருக்கு என்ன நேரும் என்று கேட்க வேண்டும் என அது வற்புறுத்தியது. இக்கேள்வி கார் உரிமையாளரின் தயக்கத்தை வேறு இடத்துக்கு நகர்த்துகிறது. ஆர்.எஸ்.புரத்துக்கும் ரேஸ்கோர்ஸுக்கும் இடையே மட்டும் ஓடும் கார் விசையிழந்தால் நேர்வது பெரும்பாலும் இழுவை வண்டிச் செலவும் சங்கடமும்தான். தன் பணப்பையை வைத்துக் காத்திருக்க அவருக்கு முழு உரிமை உண்டு. அதே கார் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில், அல்லது சேலம் செல்லும் நெடுஞ்சாலையில் இரவு லாரிகளுக்கு முன்னால் திடீரென இழுவையை இழந்தால், பிரேக்கும் ஸ்டீயரிங்கும் வேலை செய்தாலும், பின்னால் வருபவரின் உயிரும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. பொறுத்திருந்து மிச்சப்படுத்தும் பணம் ஒருவருடையதாகவும், பொறுத்திருப்பதன் ஆபத்து முன்பின் தெரியாத இன்னொருவருடையதாகவும் இருக்குமிடத்தில், செலவு மிகுதி என்னும் வாதம் தன் வலிமையை இழக்கிறது. அத்தகைய பயணங்களை வழக்கமாகக் கொண்டவர் வலுவூட்டிய கூட்டைப் பூட்டிக்கொள்ள வேண்டும். இல்லையெனில் அந்தச் சாலைகளுக்கு வேறு வண்டியை எடுக்க வேண்டும்.

பலர் உண்மையில் தேர்ந்தெடுப்பது மூன்றாவது வழி: காரை விற்றுவிடுவது. ஐயத்தைச் சொல்லாமல் விற்பவர் பழுதைத் தவிர்த்துவிடவில்லை. அதை இன்னொரு குடும்பத்தின் மலைப்பயணத்துக்கு இடம் மாற்றிவிட்டார். எண்ணெய் மாற்றிய ரசீதுகளையும் ஸ்கேனர் அறிக்கையையும் வாங்குபவர் கையில் வைத்து, மெக்கட்ரானிக்ஸ் மாற்றப்படவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, அதற்கேற்ப விலையைக் குறைத்துக்கொள்வது இயலாத செயல் அன்று.