ஆழ்துளைக் கிணறும் மேற்கோள் எண்ணிக்கையும்

தருமபுரியிலிருந்து தொப்பூர் போகிற வழியில் இருக்கிறது நல்லம்பள்ளி. இந்தப் பக்கத்துப் பல வீடுகளில் தண்ணீர் இரண்டு வகை. குடிக்கவும் உலை வைக்கவும் ‘ஒகேனக்கல் தண்ணி’. துணி துவைக்கவும் பாத்திரம் கழுவவும் ‘போர் தண்ணி’. பாறை இடுக்குகளில் நெடுங்காலம் கிடந்த நிலத்தடி நீரில் ஃபுளூரைடு கரைந்திருப்பதுதான் காரணம். அதற்கு நிறமில்லை, மணமில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளூரைடு உள்ள நீரைச் சிறுவயதில் தொடர்ந்து குடித்தால், ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லின் எனாமல் கெடுகிறது. பல் முளைக்கும்போதே வெண்திட்டோடு வரும், பிறகு பழுப்பேறும். எந்தப் பற்பொடிக்கும் அந்தக் கறை மசியாது. உடம்பில் இன்னும் அதிகம் சேர்ந்தால் முதுகும் மூட்டும் இறுகிப்போகும்.

மருத்துவ உலகத்துக்கு இது புதிய செய்தி அல்ல. 1937-லேயே ஷார்ட், சி.ஜி. பண்டிட், டி.என்.எஸ். ராகவாச்சாரி ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் ஃபுளோரோசிஸ் எனப்படும் இந்த நோயைக் கண்டறிந்து ‘இந்தியன் மெடிக்கல் கெஜட்’ இதழில் எழுதிவிட்டார்கள். ஃபுளோரோசிஸ் பற்றிய இந்திய ஆய்வுகள் பல இன்றும் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டித்தான் தொடங்குகின்றன. காவிரி நீரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பானின் கடனுதவியோடு பயன்பாட்டுக்கு வந்தது 2013-ல்.

நடுவில் 76 ஆண்டுகள்.

அப்படியானால், ஒரு மருத்துவ ஆய்வாளர் தன் வாழ்நாள் உழைப்பை எதைக் கொண்டு அளந்துகொள்வது? இன்று அவருக்குத் தரப்படும் அளவுகோல் ‘எச்-இண்டெக்ஸ்’. இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-ல் முன்வைத்தது. ஒருவருடைய 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் 20. ஒரே ஒரு கட்டுரை எழுதி, அது 5,000 முறை எடுத்தாளப்பட்டிருந்தாலும் எண் 1-தான். மேற்கோள்களைத் திரட்டும் வேலையை 1960-களில் பெரிய அளவில் தொடங்கிய யூஜின் கார்ஃபீல்டின் முதல் நோக்கம், ஓர் ஆய்விலிருந்து அதோடு தொடர்புள்ள மற்ற ஆய்வுகளைத் தேடிப் பிடிக்க உதவுவது. தேடுவதற்கு வந்த கருவி, வேலைக்கும் பதவி உயர்வுக்கும் மதிப்பெண் போடும் கருவியாக மாறிவிட்டது. கட்டுரை வெளியான இதழின் மேற்கோள் மதிப்பெண்ணை வைத்து ஆளை எடைபோடக் கூடாது என்று 2012-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆய்விதழ்களின் ஆசிரியர்களும் பதிப்பாளர்களுமே கூடி ஓர் அறிக்கை உருவாக்க வேண்டியிருந்தது.

சென்னையில் நடந்த ஒரு வேலையை இந்த அளவுகோலின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1956-ல் அங்கே காசநோய் மருந்தியல் சிகிச்சை ஆய்வு நிலையம் தொடங்கியது. சானடோரியத்தில் ஓய்வும் நல்ல சாப்பாடும் கொடுத்தால்தான் காசநோய் தீரும் என்று உலகம் நம்பிய காலம். ஆய்வில் சேர்ந்த நகரத்து ஏழை நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மறுபாதிக்கு அதே மாத்திரையைக் கொடுத்து வீட்டிலேயே இருக்கவைத்தார்கள். ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்ச மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். இட நெருக்கடியும் அரைவயிறுமாக வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். முடிவு 1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தது. காசநோய்க்கு வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடும் முறை உலகமெங்கும் பரவ அது வழிதிறந்தது. கட்டுரையின் ஆசிரியராக நின்றது நிலையத்தின் பெயர். மாத்திரை எண்ணப் படியேறிய ஊழியர் யாருடைய எச்-இண்டெக்ஸும் அதனால் கூடியிருக்காது.

இதனால் கட்டுரை எழுதுவது வீண் என்று ஆகிவிடாது. 1937-ல் அந்த மூவர் எழுதாமல் விட்டிருந்தால், அடுத்து வந்தவர்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்திருக்கும். பிரசுரமாகாத ஆய்வு, செய்தவரோடு போய்விடும். மேற்கோள் எண்ணிக்கை ஓர் உண்மையைச் சொல்கிறது: இன்னோர் ஆய்வாளர் இதைப் பயன்படுத்தினார். தண்ணீர் குடிக்கிறவர் காதுக்கு அது போனதா என்பதை அந்த எண்ணால் சொல்ல முடியாது. அதைத் தேடிப்போய்க் கேட்கிற பொறுப்பு ஆய்வு செய்தவருக்கும் உண்டு, அவருக்குச் சம்பளம் தருகிற நிறுவனத்துக்கும் உண்டு.

செய்வதற்கு வழியும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2022 முதல், உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-லும் கிராம சபை கூட வேண்டும். நல்லம்பள்ளி வட்டாரத்தில் ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதிக்கிற ஒரு முதுநிலை மாணவி, எந்தக் குழாயில் எவ்வளவு ஃபுளூரைடு என்ற பட்டியலை அந்தச் சபையில் தமிழில் வாசித்து, ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ஒட்டிவிட்டு வரலாம். கூட்டத்தில் யாராவது எழுந்து, “எங்க பள்ளிக்கூடத்துப் போர்ல எவ்வளவும்மா?” என்று கேட்பார்கள். நேர்காணலில் அவருடைய கட்டுரைகளை எண்ணப்போகும் தேர்வுக் குழு, அந்தக் கூட்டத்தின் தீர்மான நகலையும் கேட்டு வாங்கிப் படித்து, அதற்கும் மதிப்பெண் போட வேண்டும்.