பழுதுபார்த்தலா, மாற்றியமைத்தலா?

பழைய வீட்டின் கூரையில் உடைந்த ஓடு ஒன்றை மாற்றுகின்றவன் வீட்டைப் புதிதாகக் கட்டியவன் ஆவானா? ஆகான் என்போம். கூரை முழுவதையும், பின்னர் சுவர்களையும், அதன்பின் நிலத்தையும் அவன் மாற்றிவிட்டால்? எந்த ஓட்டில், எந்தக் கல்லில் பழைய வீடு முடிந்து புதிய வீடு தொடங்குகின்றது? கிரேக்கர் இவ்வினாவை ஒரு மரக்கலத்தை வைத்துக் கேட்டனர். தீசியஸ் என்னும் வீரனின் கலத்தை ஏதென்சு நகரத்தார் பேணிவந்தனர் என்றும், உளுத்த பலகைகளைக் கழற்றிவிட்டுப் புதிய பலகைகளைப் பொருத்திவந்தனர் என்றும், அது அதே கலந்தானா என்று தத்துவவாதிகள் வாதிட்டனர் என்றும் புளூட்டார்க் எழுதியுள்ளார். வகுப்பறையிலே இதனைக் கேட்கும் மாணவர் பலர் பொழுதுபோக்கு விடுகதை என்றே கருதுவர். நாமும் நெடுங்காலம் அவ்வாறே கருதியிருந்தோம். ஆனால் 2007ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், இவ்வினா நீதிமன்ற வாயிலுக்கே வந்து நின்றது. சில நூறு மனிதர் தம் நண்பரோடு ஓரிடத்தில் அமர்ந்து ஓர் ஆட்டத்தைப் பார்ப்பதா, இல்லையா என்பது அதன் விடையைப் பொறுத்திருந்தது.

மிச்சிகன் பல்கலைக்கழகம் ஆன் ஆர்பர் நகரிலே உள்ளது. அங்கு ஆடப்படும் உதைபந்தாட்டம் நாம் அறிந்த உதைபந்தாட்டம் அன்று. பந்தைக் கையிலேந்தி ஓடுவதும் எதிரணியாளனை மோதி வீழ்த்துவதுமாக, நம்மவர் றகர் என வழங்கும் ஆட்டத்துக்கு உறவுடைய ஒன்று. கல்லூரி ஆட்டந்தானே என்று எண்ணிவிடலாகாது. அப்பல்கலைக்கழகத்தின் விளையாட்டரங்கில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே வேளையில் கூடுவர். 1927இலே, விளையாட்டுத்துறைப் பணிப்பாளராயிருந்த ஃபீல்டிங் யோஸ்ற் என்பாரின் முயற்சியால் அது கட்டப்பட்டபோது ஏறத்தாழ 72,000 பேருக்கு இடமிருந்தது. மண்ணை அகழ்ந்து, பெரும்பகுதி நிலமட்டத்துக்குக் கீழே அமையும்படி, ஒரு பெருங்கிண்ணம் போல் அதனை ஆக்கினர். வெளியிலிருந்து வருபவர் கிண்ணத்தின் விளிம்பருகே நுழைந்து படிப்படியாக இறங்கித் தம் இடத்தை அடைதல் வேண்டும். இறங்க இயலாதவர் என்ன செய்வர் என்று 1927இல் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. கட்டுமானத்துக்கான பணம் 500 டொலர்க் கடன் பத்திரங்களை விற்றுத் திரட்டப்பட்டது. பத்திரம் வாங்கியோர்க்கு ஆட்டச் சீட்டுகளை வாங்கும் வாய்ப்பு உறுதி செய்யப்பட்டது. காசுக்கும் கதிரைக்கும் உள்ள தொடர்பு அங்கே நேற்றுத் தோன்றியதன்று என்பதனைக் காட்டவே இதனைக் கூறினோம்.

'பெரிய வீடு' என்பது அவ்வரங்கின் செல்லப் பெயர். பல தலைமுறைகளாக அங்கே பெரும்பாலோர்க்கு வாங்குப் பலகைகளே இருக்கை. வழக்கறிஞரும் கார்த் தொழிற்சாலைத் தொழிலாளியும் ஒரே பலகையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ஒரே மழையில் நனைந்து, ஒரே குளிரில் நடுங்கினர். தனியறைகள் இல்லை. அமெரிக்காவின் ஏனைய பல்கலைக்கழகங்கள் செல்வந்தர்க்கெனக் கண்ணாடி அறைகளைக் கட்டிக்கொண்டிருந்த காலத்திலும் ஆன் ஆர்பரில் அவை இருக்கவில்லை.

2006இலே பல்கலைக்கழக ஆட்சிக் குழுவினர் அரங்கின் கிழக்கு, மேற்குப் பகுதிகளைப் புதுப்பிக்கும் திட்டமொன்றினை ஏற்றுக்கொண்டனர். மதிப்பீடு 226 மில்லியன் டொலர். இருபுறமும் உயர்ந்த கட்டடங்கள், அவற்றுள் எண்பதுக்கு மேற்பட்ட தனியறைகள், மெத்தையிட்ட சிறப்பு இருக்கைகள், மின்னுயர்த்திகள் என்பன திட்டத்தில் அடங்கின. அறையொன்றின் ஆண்டு வாடகை 55,000 டொலரிலிருந்து 85,000 டொலர் வரை என அறிவிக்கப்பட்டது. வரிப்பணமோ மாணவர் கட்டணமோ இதற்குச் செலவிடப்படமாட்டாது, விளையாட்டுத்துறை தன் வருவாயிலிருந்தே கடனை அடைத்துவிடும் என்று நிருவாகம் கூறிற்று. அவ்வருவாயை உண்டாக்கிய இளைஞர்களுக்கு அந்நாளில் கூலி கிடையாது என்பதனையும் இங்கு குறித்தல் தகும். அவர்கள் 'மாணவர்', ஆதலால் புலமைப்பரிசிலே போதும் என்பது அன்றைய நியதி. 2021இல் உச்ச நீதிமன்றம் அந்நியதியின் ஒரு பகுதியை உடைத்தது. 2025இலேதான் பல்கலைக்கழகங்கள் தம் ஆட்ட வருவாயில் ஒரு பங்கினை ஆட்டக்காரர்க்கு நேரே கொடுப்பதற்கு வழி பிறந்தது. அது தனியே எழுதப்பட வேண்டிய கதை.

ஆட்சிக் குழுவின் முடிவு ஒருமனதானது அன்று. பழைய மாணவர், ஆசிரியர் எனப் பலர் எதிர்த்தனர். எல்லோர்க்கும் ஒரே பலகை என்னும் மரபினைக் கண்ணாடி அறைகள் குலைத்துவிடும், பொதுமக்களின் பல்கலைக்கழகம் சீமான்களின் மாளிகையாகிவிடும் என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தைக் கேட்டவுடன் நம் உள்ளம் அவர்கள் பக்கமே சாய்கின்றது. சாயட்டும். ஆயினும் அவர்கள் போற்றிய சமத்துவத்தைச் சற்று நெருங்கிச் சென்று பார்த்தல் வேண்டும்.

ஏனெனில், அதே வேளையில் வேறொரு கூட்டத்தாரும் அரங்கின் வாயிலிலே நின்றனர். நின்றனர் என்பது பிழை, அமர்ந்திருந்தனர். உடல் செயலிழந்த முன்னாள் படைவீரரின் மிச்சிகன் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் அவர்கள். போர்க்களத்திலோ பின்னரோ முதுகுத்தண்டு பாதிப்புற்றுச் சக்கர நாற்காலியில் வாழ்பவர்கள். அவர்களை அனுப்பிய போர்கள் பலவற்றை நாம் கண்டித்து எழுதிவந்துள்ளோம். போரைக் கண்டிப்பவன் அதிலே கால் இழந்தவனின் உரிமைக்குக் குரல் கொடுப்பதில் முரண்பாடு எதுவுமில்லை. ஒரு இலட்சத்து ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரும் அரங்கிலே சக்கர நாற்காலிகளுக்கு இருந்த இடங்கள் நூற்றுக்கும் குறைவு. அவையும் ஆடுகளத்தின் கோடிப் புறங்களிலே. 2007 ஏப்ரலில் அச்சங்கத்தார் வழக்குத் தொடுத்தனர்.

அவர்கள் ஊன்றி நின்ற சட்டம், மாற்றுத்திறனாளிகள் தொடர்பாக 1990இல் இயற்றப்பட்டது. அது ஆட்சியாளரின் கருணையாற் பிறந்தது அன்று. 1977இலே இதற்கு முந்திய சட்டமொன்றின் விதிகளை நடைமுறைப்படுத்தக் கோரிச் சன் பிரான்சிஸ்கோ நகரின் அரசாங்கக் கட்டடமொன்றுள் மூன்று வாரங்களுக்கும் மேலாக அவர்கள் குடியிருந்து போராடினர். 1990 மார்ச்சிலே வாஷிங்டன் சட்டமன்ற மாளிகையின் படிக்கட்டின் அடியில் பலர் தம் நாற்காலிகளை விட்டிறங்கி, கைகளாலும் முழங்கால்களாலும் ஊர்ந்து மேலேறினர். அவ்வாண்டு யூலையில் சட்டம் கையொப்பமாயிற்று.

அச்சட்டம் பழைய கட்டடங்களிடத்துச் சிறிது இரக்கம் காட்டுகின்றது. புதிதாகக் கட்டுவோர் முழு விதிகளையும் பின்பற்றுதல் வேண்டும். பெரிய அரங்காயின் நூற்றுக்கு ஒன்று என்னும் அளவிலே சக்கர நாற்காலி இடங்கள் அமைதல் வேண்டும் என்பது அந்நாளைய விதி. பழைய கட்டடத்தை 'மாற்றியமைப்போர்' மாற்றிய பகுதியளவில் இயன்றமட்டும் விதிகளைப் பின்பற்றுதல் வேண்டும். ஆனால் வெறுமனே 'பழுதுபார்ப்போர்'க்கு, அதாவது சுவருக்கு நிறம் பூசுவோர், கூரை வேய்வோர் போன்றோர்க்கு, அக்கடமை இல்லை. பல்கலைக்கழகம் இந்தச் சொல்லுக்குள்ளேதான் புகுந்துகொண்டது. புதிதாக எழும் கிழக்கு, மேற்குக் கட்டடங்களிலே சட்டப்படி இடம் தருவோம்; கிண்ணமோ 1927இல் கட்டியது; அங்கே நாம் செய்தது பழுதுபார்த்தலே என்றது. உண்மையில் கிண்ணத்தின் இருக்கைத் தட்டுகளிலே கொங்கிறீற்று பகுதி பகுதியாகப் பெயர்த்தெடுக்கப்பட்டுப் புதிதாக வார்க்கப்பட்டிருந்தது. பெயர்த்ததை மீளவும் அதே வடிவிலே வார்த்தோம், ஆதலால் மாற்றம் எதுவுமில்லை என்பது வாதம். தீசியஸின் கலத்தை விடுகதையாகக் கருதியிருந்த எமக்கு, அது ஒரு நிருவாகத்தின் கேடயமாகவும் ஆகக்கூடும் என்பது அப்போதுதான் விளங்கிற்று.

இவ்வாதத்தை ஏளனம் செய்து தள்ளிவிடுதல் எளிது. ஆனால் அதற்குள்ளும் ஒரு நியாயம் உண்டு. உடைந்த படியொன்றைச் செப்பனிடப் புகுபவன், அக்கட்டடத்தின் பழைய பாவங்கள் அனைத்துக்கும் அன்றே கணக்குத் தீர்த்தாக வேண்டுமென்றால் அவன் படியைச் செப்பனிடவே மாட்டான். ஏழைப் பாடசாலை ஒன்றின் ஒழுகும் கூரையை நினைத்துப் பார்ப்போருக்கு இது விளங்கும். சிறிய பழுதுக்குப் பெரிய தண்டம் விதித்தால் எல்லாம் இடிந்து விழும்வரை காத்திருப்பதே இலாபமாகிவிடும். சட்டம் இரு சொற்களை வைத்திருப்பதற்குக் காரணம் இதுவே.

அப்படியாயின் எல்லை எங்கே? பொருள் எவ்வளவு மாறியது என்று அளப்பதால் அதனைக் காணமுடியாதென்றே நாம் கருதுகின்றோம். மாற்றும் வேளையில் வேறுவிதமாகச் செய்யும் ஆற்றல் கையிலே இருந்ததா என்பதே வினா. ஓடு மாற்றுபவனுக்கு அந்த ஆற்றல் இல்லை. ஓட்டுக்கு ஓடே பொருந்தும். இருக்கைத் தட்டினைப் பெயர்த்துவிட்டு வெறும் மண்ணின் முன்னே நிற்பவனுக்கோ அது உண்டு. அச்சு அடிக்கும் தச்சன் பலகையை எங்கே நாட்டுவது என்று ஒரு நாழிகையேனும் யோசித்திருப்பான். அந்த நாழிகையில் 1927 என்பது கிடையாது. பழைய வடிவத்தையே திரும்ப வார்த்தால், அவ்வடிவம் அன்றைய தினத்தில் மீண்டும் தெரிந்தெடுக்கப்பட்டதாகும். முன்னோர் செய்தது என்பது அதன் பின்னர் ஒரு சாட்டே. மரபு என்ற பெயரால் அநீதியைக் காத்தவர் எல்லா நாட்டிலும் அதனை அவ்வப்போது பூசி, மெழுகி, புதுப்பித்தே காத்துவந்தனர். அது தானாக நின்றதில்லை.

2007 ஒக்டோபரில் கூட்டாட்சிக் கல்வித் திணைக்களத்தின் குடியியல் உரிமைகள் அலுவலகம் பல்கலைக்கழகத்தின் வாதத்தை ஏற்க மறுத்தது. அடுத்த மாதம் நீதித் திணைக்களமும் வழக்கிலே சேர்ந்தது. 2008 மார்ச்சில் இணக்கம் ஏற்பட்டது. 2010க்குள் அரங்கிலே 329 சக்கர நாற்காலி இடங்களும், ஒவ்வொன்றின் அருகிலும் உடன்வருபவர்க்கு ஓரிடமும் அமைதல் வேண்டும் என முடிவாயிற்று. புதிய அரங்குக்கு அந்நாளில் உரியதாயிருந்த நூற்றுக்கு ஒன்று என்னும் அளவுக்கு இது எட்டாது. நீதிமன்றப் பேரம் அப்படித்தான் முடியும். ஆயினும் உடன்வருபவர்க்கும் ஓரிடம் என்னும் அந்த விதி எம் மனத்தைத் தொட்டது. ஆட்டம் பார்ப்பதென்பது கண்ணால் மட்டும் நிகழ்வதன்று. பக்கத்திலிருப்பவனின் கையைப் பற்றிக் கத்துவதும் அதில் அடங்கும். மனைவியை ஒரு மூலையிலும் கணவனை இன்னொரு மூலையிலும் இருத்திவிட்டு இருவருக்கும் சீட்டுக் கொடுத்தோம் என்பது கணக்கிலே சரியாகலாம்.

முன்னே நிற்பவரின் முதுகு என்னும் சங்கடமும் ஒன்றுண்டு. ஆட்டம் உச்சத்தை அடையும்போது கூட்டம் எழுந்து நிற்கும். அக்கணத்தில் நாற்காலியில் இருப்பவர் காண்பது முதுகுகளை மட்டுமே. வாஷிங்டனில் கட்டப்பட்ட வேறோர் அரங்கு பற்றிய வழக்கில், எழுந்து நிற்பவர்க்கு மேலாகவும் பார்க்கும் வகையிலே ஏறக்குறைய அவ்விடங்கள் அனைத்தும் அமைதல் வேண்டுமென 1997இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கொள்ளவேண்டியிருந்தது. மிக முக்கியமான கணத்தைத் தவிர ஏனைய எல்லாக் கணங்களையும் பார்க்க உரிமையுண்டு என்றால் அவ்வுரிமையின் மதிப்பு என்ன?

இனி, ஒரே பலகை என்னும் சமத்துவத்துக்குத் திரும்புவோம். கண்ணாடி அறைகளை எதிர்த்தோர் நல்லவர்கள். அவர்களின் சினம் நியாயமானது. ஆனால் அவர்கள் காக்க விரும்பிய பலகை, இறங்கவும் ஏறவும் வல்ல கால்கள் உடையோரின் பலகை. அப்பலகையில் தொழிலாளிக்கும் வழக்கறிஞருக்கும் இடையே வேற்றுமை இல்லாதிருந்தது உண்மையே. அங்கு வந்துசேர முடியாதவன் அவ்விருவரின் கண்ணிலும் படவில்லை என்பதும் உண்மையே. இடதுசாரிகளாகிய எமக்கு இது கசப்பான பாடம். மேலே இருப்பவனின் கண்ணாடி அறையை எளிதில் காண்கின்றோம். நம் பக்கத்திலே இல்லாதவனைக் காண்பது கடினம். இல்லாமையே அவன் அடையாளம். அறைகளுக்கென வந்த பணத்தின் பின்னாலேதான் மின்னுயர்த்திகளும் வந்தன என்று சிலர் சொல்வர். பணம் மின்னுயர்த்தியைத் தந்தது சரி. கிண்ணத்துக்குள் இடம் தந்தது பணமன்று, வழக்கு.

2010 செப்டெம்பர் 4இல் புதுப்பிக்கப்பட்ட அரங்கு மீளத் திறந்துவைக்கப்பட்டது. 113,090 பேர் வந்திருந்தனர். ஆட்டம் தொடங்குமுன், ஆட்டக்காரர் ஒருவரின் தமையன் களத்துக்கு வந்தார். 2007இல் வீதி விபத்தொன்றிலே முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, இனி நடப்பது அரிதென்று கூறப்பட்டவர். பல்கலைக்கழகப் பயிற்சியாளர்களின் துணையோடு நெடுநாள் முயன்று, இரு ஊன்றுகோல்களுடன், அணிக்கு முன்னே அடியடியாக நடந்து சென்று, மரபுப்படி விரிக்கப்பட்டிருந்த பதாகையைக் கையால் தொட்டார். அரங்கு முழுவதும் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது, அழுதவர் பலர். அங்கிருந்திருந்தால் நாமும் எழுந்து நின்றிருப்போம். அவ்வாறு எழுந்து நின்றோர்க்குப் பின்னே, சென்ற இரண்டரை ஆண்டுகளுக்குள் கிடைத்த புதிய இடங்களிலே, எழ முடியாத சிலரும் தம் உடன்வந்தோரோடு அமர்ந்திருந்தனர்.