ஆண்டிறுதியும் நன்றி அறிதலும்

கிறிஸ்து பிறப்புத் திருநாள் நெருங்கும்போது நம் தீவுகளின் வீட்டு வாயில்களில் காகித விண்மீன் விளக்குகள் ஒளிரத் தொடங்குகின்றன. டிசம்பர்த் திங்களில் மாலை ஐந்து மணியளவிலேயே கதிரவன் மறைந்துவிடும் அந்தமானில் அவ்விளக்குகளுக்கு நெடும்பொழுது வேலை உண்டு. அவ்வொளியில் அமர்ந்து ஒவ்வொரு குடும்பமும் கழிந்த ஆண்டைத் திரும்பி நோக்குகின்றது. நெல்லையிலும் தூத்துக்குடியிலும் குமரியிலும் உள்ள உறவினர்க்கு நலம் எழுதுகின்றது. ஆலயத்தில் படைக்கும் ஸ்தோத்திரக் காணிக்கை உறையின்மேல், பிள்ளையின் தேர்வு வெற்றி, மகளின் திருமணம், புதுமனை, பணி உயர்வு, பேரக்குழந்தையின் பிறப்பு என ஆண்டின் பேறுகளைக் குறிக்கின்றது. கிறித்தவர் அல்லாத தமிழ் இல்லங்களும் இவ்வுணர்வுக்குப் புறம்பானவை அல்ல. அவையும் அண்டை வீட்டார் அனுப்பும் பலகாரத் தட்டை மகிழ்ந்து ஏற்று, தை பிறக்குமுன் ஆண்டின் வரவையும் இழப்பையும் எண்ணிப் பார்க்கவே செய்கின்றன.

இஃது இனிய வழக்கம். ஆயினும் இதனுள் ஓர் அறவினா மறைந்திருக்கின்றது. நாம் நன்றி கூறுவது நமக்கு நன்மை கிடைத்ததற்கா? அன்றிப் பிறர்க்குக் கிடைக்காத நன்மை நமக்குக் கிடைத்ததற்கா? மேலோட்டமாக நோக்கின் இரண்டும் ஒன்றே போலத் தோன்றும். ஆழ்ந்து நோக்கின் முன்னது பணிவு. பின்னது பணிவின் உடை பூண்ட செருக்கு. இவ்விரண்டையும் பிரித்தறியும் வழி யாது என்பதே இங்கு நாம் ஆராய விழைவது.

சொல்லும் பொருளும்

நன்றி என்பதை இன்று நாம் பெரும்பாலும் வாயளவில் வழங்கும் ஓர் உபசாரச் சொல்லாகவே கருதுகிறோம். பழந்தமிழில் அச்சொல்லின் முதன்மைப் பொருள் நன்மை என்பதே. பிறர் செய்த நற்செயல் என்பதே. திருக்குறளின் 11ஆம் அதிகாரம் செய்ந்நன்றி அறிதல் எனப் பெயர் பெற்றது. கூறுதல் என்னாது அறிதல் என்று அமைந்த நுட்பம் நம் கருத்துக்கு உரியது. நன்றி கூறுதல் ஒரு நொடியில் முடிவது. நன்றி அறிதலோ, இந்நன்மை எவரால் வந்தது, எவ்வழி வந்தது, எவர் உழைப்பைக் கடந்து வந்தது என ஆராய்ந்து தெளிவதாகும்.

அந்த அதிகாரம் நிற்கும் இடமும் கருதத்தக்கது. அதற்கு முன்னர் நிற்பது இனியவை கூறல். பின்னர் நிற்பது நடுவு நிலைமை. இன்சொல்லுக்கும் நடுவுநிலைக்கும் இடையே நன்றி அறிதல் நிற்கின்றது. இன்சொல்லோடு நின்றுவிடும் நன்றி பாதி நன்றியே. அது நடுவுநிலையை நோக்கி நடக்க வேண்டும். பெற்றவன் தன் பேற்றை ஒருதலையாக அன்றி, பெறாதவனையும் கண்முன் நிறுத்தி எண்ணிப் பார்க்க வேண்டும் என்று நாம் இவ்வரிசையிலிருந்து பொருள் கொள்ளலாம்.

அன்றாடத்தின் கணக்கு

ஆண்டு மடலில் இடம்பெறுபவை பெரும்பாலும் மைல்கற்களே. மகன் பன்னிரண்டாம் வகுப்பில் தேறினான் என்று எழுதுகிறோம். அத்தேர்ச்சியின் பின்னே நின்ற முந்நூற்று அறுபத்தைந்து நாள்களை எழுதுவதில்லை. விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டிய தாயும், தொலைத்தீவிற்கு மாற்றலாகி வந்து மனம் சலியாது பாடம் நடத்திய ஆசிரியரும், மழையிலும் படகைச் செலுத்திய ஊழியரும் அம்மடலில் இல்லை.

தீவு வாழ்வில் இவ்வுண்மை தாய்நிலத்தைக் காட்டிலும் தெளிவாகப் புலப்படும். சென்னைக்கும் நமக்கும் இடையே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல் கிடக்கின்றது. கப்பல் அதனைக் கடக்க மூன்று நாள் அளவு ஆகின்றது. நம் அரிசியும் வெங்காயமும் பருப்பும் மருந்தும் பெரும்பாலும் அவ்வழியே வருவன. கடல் சீறிக் கப்பல் தாமதிக்குமாயின் கடைத்தெருவில் விலை ஏறுவதையும் பெட்டிகள் வெறுமையாவதையும் நம் இல்லத்தரசியர் நன்கறிவர். ஆயின், கப்பல் ஒழுங்காக வந்த வாரங்களுக்கு நாம் நன்றி கூறியது உண்டா? இல்லை எனில், அதற்குக் காரணம் நன்றியின்மை அன்று, பழக்கமே. நாள்தோறும் வருவது கொடையாகத் தோன்றுவதில்லை, உரிமையாகத் தோன்றுகின்றது. அதனைத் தருவோரும் ஒருவரல்லர், பலர், முகம் அறியாதவர். முகம் அறியாதவர்க்கு நன்றி அறிய மனத்தைப் பழக்குதல் வேண்டும்.

தப்பியோரின் நன்றி

இனி, இவ்வினாவின் கடினமான பகுதிக்கு வருவோம். அதனை நம் தீவுகளைவிடக் கொடுமையாகக் கற்ற இடங்கள் மிகச் சிலவே.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்புத் திருநாளின் மறுநாள். காலை 6.29 மணியளவில் சுமத்திராவுக்கு அருகே கடலடியில் 9.1 அளவிலான நிலநடுக்கம் நேர்ந்தது. சற்று நேரத்தில் ஆழிப்பேரலை நிக்கோபார்க் கரைகளை அடைந்தது. முதல்நாள் விருந்துண்டு மகிழ்ந்த கடலோர ஊர்கள் பல அலைக்கு இரையாயின. கார் நிக்கோபாரும் கச்சல் தீவும் பேரிழப்பைக் கண்டன. தென்கோடியில் இந்திரா முனையில் நிலம் நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் ஆயிற்று. வட அந்தமானிலோ நிலம் உயர்ந்து பவளப் பாறைகள் நீருக்கு மேல் தெரிந்தன. இத்தீவுகளில் இறந்தோரும் காணாமற்போனோருமாக ஏறத்தாழ 3,500 பேர் என்பது அரசின் கணக்கு. அதே காலையில் தமிழகத்தின் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் உயிரிழந்தனர். திருநாளுக்காக வேளாங்கண்ணிக்கு வந்த பயணிகளும் அவருள் அடங்குவர்.

அன்று போர்ட் பிளேரில் தாழ்ந்த பகுதிகளில் நீர் புகுந்தது. சிப்பிகாட் வயல்கள் மூழ்கின. எனினும் மேட்டு நிலத்தில் வாழ்ந்த குடும்பங்கள் உயிர் தப்பின. இன்று ஸ்ரீ விஜயபுரம் என 2024இல் பெயர் மாற்றம் பெற்றுள்ள அவ்வூரில், அவ்வாண்டின் இறுதி இரவில் நன்றி கூறுவது எங்ஙனம்? எம்மைக் காத்தாய் என்று இறைவனை நோக்கிக் கூறும் நாவு, காக்கப்படாத கச்சல் குழந்தையைப் பற்றி என் கூறும்?

இவ்விடத்தில் எளிய விடைகள் இரண்டு உள. இரண்டும் நம்மைத் தவறான வழியில் செலுத்துவன.

முதல் விடை, நம் வேண்டுதலின் பயனாகவோ முன்னோர் செய்த புண்ணியத்தாலோ நாம் தப்பினோம் என்பது. இதனை ஏற்பின், மாண்டோர் வேண்டாதவர், புண்ணியம் அற்றவர் என்பது சொல்லாமலே பெறப்படும். முதல்நாள் ஆலயத்தில் முழந்தாளிட்டு வணங்கிய நிக்கோபார்ச் சிற்றூராரை நோக்கி அதனைக் கூற எவர்க்கும் நாவு எழலாகாது. நிலம் ஓரிடத்தில் தாழ்ந்ததும் மற்றோரிடத்தில் உயர்ந்ததும் அங்கு வாழ்ந்தோரின் ஒழுக்கத்தை அளந்து நேர்ந்தவை அல்ல.

இரண்டாம் விடை, எல்லாம் தற்செயலே. ஆதலின் நன்றி என்பதற்கே இடமில்லை என்பது. இது நேர்மையான விடை போலத் தோன்றும். ஆயின் அது தப்பியவனைக் கடமையிலிருந்தும் தப்புவித்து விடுகின்றது. எவரிடமிருந்தும் பெறவில்லை என்பவன் எவர்க்கும் தர வேண்டியதில்லை என்று அமைதி கொள்வான் அன்றோ!

மூன்றாம் வழி ஒன்று உண்டு. உயிர் இருக்கின்றது என்பதற்கு நன்றி அறியலாம். பிறர் மாள நாம் மட்டும் இருக்கின்றோம் என்பதற்கு அறியலாகாது. நன்றியில் ஒப்பீடு புகும்போது அது மாசடைகின்றது. ஒப்பீடு நீங்கிய நன்றி, எஞ்சிய உயிரைத் தன் பரிசில் என்று பெட்டியில் பூட்டாது. தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள் என்று கருதிப் பிறர்க்கும் பயன்படுத்தும். இது தத்துவ நுணுக்கம் மட்டும் அன்று. ஆழிப்பேரலைக்குப்பின் போர்ட் பிளேரின் முகாம்களில் உணவு சமைத்தவரும், உடைகளைத் திரட்டியவரும், உறவினரைத் தேடி வந்தோர்க்குத் திண்ணையில் இடம் தந்தவரும் இதனை நூலில் படித்து அறிந்தவர் அல்லர். தப்பியோம் என்ற அறிவே அவர்களை எழுப்பி நடத்தியது.

துஹேத் கற்பிப்பது

நன்றியை ஒரு குடும்பத்தின் சுவர்களுக்குள் அடக்காத வாழ்முறையை நாம் தொலைவில் தேட வேண்டுவதில்லை. நிக்கோபாரியர் தம் கூட்டுக் குடும்பத்தைத் துஹேத் என்பர். தென்னந்தோப்பும் நிலமும் பன்றிகளும் துஹேத்துக்குப் பொதுவானவை. மறைந்த குடும்பத் தலைவரின் நினைவாக அவர்கள் எடுக்கும் பன்றித் திருவிழாவுக்குப் பல ஆண்டுகள் முயன்று பொருள் சேர்ப்பர். கைம்மாறு பெற இயலாத ஒருவர்க்கு, ஊரையே அழைத்து விருந்திட்டு, நன்றிக் கடன் ஆற்றப்படுகின்றது. பெற்றது முன்னோரிடமிருந்து, கொடுப்பது அண்டையார்க்கு.

ஆழிப்பேரலைக்குப்பின் நிவாரணப் பணமும் புதிய வீடுகளும் தனித்தனிச் சிறு குடும்பங்களை அலகாகக் கொண்டு வழங்கப்பட்டன. நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட அவ்வுதவி, துஹேத்தின் கட்டுக்கோப்பைத் தளர்த்தியதை ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். உதவுவோரும் எண்ண வேண்டிய படிப்பினை இது. பெறுவோன் எவ்வாறு வாழ்கிறான் என அறியாது கொடுக்கும் கொடை, அவனுடைய பழைய செல்வம் ஒன்றை அறியாமலே பறித்துவிடக் கூடும்.

இத்தீவினருக்கும் தமிழர்க்கும் இடையே பழைய நன்றித் தொடர்பு ஒன்றும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் வேதப்பன் சாலமன் என்னும் தமிழ் உபதேசியார் கார் நிக்கோபாரின் மூஸ் ஊரில் தங்கிப் பள்ளி நடத்தினார். அவரிடம் பயின்ற சிறுவர் ஒருவர் பர்மா சென்று கல்வி பெற்றுத் திரும்பித் தம் மக்களுக்கு ஆசிரியரானார். அவரே பிற்காலத்தில் பேராயர் ஜான் ரிச்சர்ட்சன் எனப் புகழ் பெற்றார். புதிய ஏற்பாட்டைத் தம் தாய்மொழியில் பெயர்த்தார், 1952இல் முதல் மக்களவையின் நியமன உறுப்பினரானார், 1978இல் மறைந்தார். ஆசிரியர் தந்ததை அவர் ஆசிரியர்க்குத் திருப்பித் தரவில்லை. தம் தீவின் பிள்ளைகளுக்குத் தந்தார். நன்றிக் கடன் பல வேளைகளில் வந்த வழியே திரும்புவதில்லை, முன்னோக்கியே செல்கின்றது.

இதனைக் கூறுவது தமிழர் பெருமை பேசுவதற்கு அன்று. கொடுத்த கணக்கை மட்டும் எழுதிப் பெற்ற கணக்கை மறைப்பது நன்றி அறிதல் ஆகாது. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையின் தேயிலை மலைகளை விட்டு வந்த தமிழ்க் குடும்பங்களுள் சில, கச்சல் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் வாழ்வு பெற்றன. அத்தீவு நிக்கோபாரியரின் தாயகம். அந்தமானில் நாம் வீடு கட்டியுள்ள மண்ணும் காடாயிருந்த காலத்தில் பிறர் மண்ணாகவே இருந்தது. 1858இல் ஆங்கிலேயர் தண்டனைக் குடியிருப்பை நிறுவியபோது சில ஆயிரவராக வாழ்ந்த பேரந்தமானியர் இன்று சில பத்துப் பேராகக் குறைந்துவிட்டனர். ராஞ்சியிலிருந்து வந்த தொழிலாளரும், கிழக்கு வங்கத்து அகதிகளும், கரேன் மக்களும், கைதிகளின் வழித்தோன்றல்களும் திருத்திய நிலத்திலும் அமைத்த பாதையிலும் நாம் நடக்கின்றோம். புதுமனை புகுந்த நன்றியை எழுதும்போது இவர்களை நினையாது எழுதுவோமாயின், பாதி உண்மையே எழுதியவராவோம்.

மகிழ்ச்சி குறையுமா?

இத்தனையும் எண்ணின் திருநாளின் மகிழ்ச்சி வாடிவிடாதா என்று கேட்பார் உளர். தேர்ச்சி பெற்ற சிறுமியின் முகத்திற்கு முன் உலகத்துத் துயரை எல்லாம் விரிப்பது முறையா? முறை அன்றுதான். அச்சிறுமியின் மகிழ்ச்சி முழுமையானது. அது அங்ஙனமே இருக்கட்டும். ஆயின் அவள் மகிழ்ச்சியோடு ஆசிரியரின் பெயரையும், பாடநூலை இரவல் தந்த தோழியின் பெயரையும் சேர்த்துச் சொல்லப் பழகுவாளாயின் மகிழ்ச்சி குறைவதில்லை. அதனைப் பகிர்ந்துகொள்வோர் தொகைதான் பெருகும். தேர்வில் தவறிய பக்கத்து வீட்டுப் பையனிடம் அவள் தன் குறிப்பேடுகளைக் கொண்டு கொடுப்பாளாயின், இன்சொல்லிலிருந்து நடுவுநிலைக்குச் செல்லும் பாதையில் அவள் அடியெடுத்து வைத்தவளாவாள்.

ஆகவே ஆண்டிறுதியில் எழுதும் மடலிலும், படைக்கும் காணிக்கையிலும் மூன்றினைச் சேர்த்துக்கொள்ளுமாறு நம் குடும்பங்களை வேண்டுகிறோம். ஒன்று, மைல்கற்களுக்கு இடையே நம்மைச் சுமந்த அன்றாடக் கைகள். இரண்டு, நாம் பெற்றதைப் பெறாத ஒருவர் அல்லது ஒரு குடும்பம். மூன்று, வரும் ஆண்டில் அவர்க்கென நாம் செய்யவிருக்கும் ஒரு செயல். முதலாவது அறிவு, இரண்டாவது நடுவுநிலை, மூன்றாவது கடன் தீர்க்கும் முயற்சி. மூன்றும் கூடிய இடத்தில் நன்றி என்னும் சொல் தன் பழம்பொருளாகிய நன்மையை மீண்டும் பெறுகின்றது.

டிசம்பர் 25க்கும் 26க்கும் இடையே ஓர் இரவே உண்டு என்பதை நம் தீவுகள் அறியும். அவ்வறிவு திருநாளைக் கைவிடுவதற்குக் காரணம் ஆகாது. விருந்தில் இன்னும் ஓர் இலை கூடுதலாக இடுவதற்கே காரணம் ஆகும்.