திறந்த நிரலும் மூன்று அளவைகளும்

ஒன்றை உண்மை என்று அறிவதற்கு மனிதருக்குள்ள வழிகளை வடமொழித் தத்துவ நூல்கள் பிரமாணம் என்றும் தமிழ் நூல்கள் அளவை என்றும் வழங்குகின்றன. மணிமேகலையின் 27ஆம் காதை பத்து அளவைகளைப் பேச, பௌத்த அறம் உரைக்கும் 29ஆம் காதை அவற்றை இரண்டாகச் சுருக்குகிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சைவ நூலான சிவஞான சித்தியாரில் எல்லாவற்றையும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்குகிறார். காண்டல் புலன்களால் நேரே அறிவது. கருதல் கண்ட ஏதுவைக் கொண்டு காணாததைத் துணிவது. உரை நம்பத்தக்க சொல்லை ஏற்று அறிவது. கணினி ஒரு கணித விடையைத் தரும்போது அவ்வறிவு இம்மூன்றில் எதன்பாற்படும் என்ற வினா, இயற்கணிதச் சேர்வியல் ஆய்வாளர்கள் தங்களுக்கான மென்பொருளைக் கூட்டாக எழுத முற்பட்டபோது நடைமுறைச் சிக்கலாகவே எழுந்தது.

சேர்வியல் என்பது பொருள்களை எத்தனை விதமாக அடுக்கலாம், பிரிக்கலாம், சேர்க்கலாம் என்று எண்ணும் கணிதப் பிரிவு. அந்த எண்ணிக்கைகளுக்கும் இயற்கணித அமைப்புகளுக்கும் உள்ள உறவை ஆராய்வது இயற்கணிதச் சேர்வியல். 4 என்ற எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாகப் பிரிக்கலாம். இவற்றை எண் பிரிவினைகள் என்பர். கணிதவியலாளர் மேக்மகோன் 200 வரையிலான எண்களுக்குப் பிரிவினைகளின் எண்ணிக்கையைக் கையாலேயே கணக்கிட்டு அட்டவணையிட, அது 1918இல் ஹார்டியும் ராமானுஜனும் எழுதிய கட்டுரையின் இறுதியில் அச்சாயிற்று. 4, 9, 14 ஆகிய எண்களுக்கு முறையே 5, 30, 135 பிரிவினைகள் இருப்பதையும், ஐந்தைந்தாகக் கூடிச் செல்லும் இவ்வரிசையில் ஒவ்வோர் எண்ணிக்கையும் ஐந்தால் வகுபடுவதையும் அவ்வட்டவணையில் ராமானுஜன் கண்டார். அது எந்நாளும் அவ்வாறே அமையும் என்பதை 1919இல் நிறுவினார். அட்டவணையில் கண்டது காண்டல், நிறுவியது கருதல். தம் கணிதத்தைத் தம் குலதெய்வமான நாமகிரித் தாயாரின் அருள் என்றே கருதியவர் அவர். ஆயினும் அருளால் வந்ததாக அவர் நம்பிய முடிவும் நிறுவப்பட்ட பிறகே பிறருக்கும் கணிதமாயிற்று.

இந்தச் சேர்வியல் மரபு ஐரோப்பாவில் தொடங்கியதன்று. இந்திய யாப்பியலில், வடமொழி யாப்பு நூலாசிரியர் பிங்கலர் காலந்தொட்டே சேர்வியல் உண்டு. குறுகிய அசை, நீண்ட அசை என்ற இரண்டைக் கொண்டு மூன்று அசைகளை எட்டு விதமாக அடுக்கலாம். அவற்றை வரிசைப்படுத்துவது பிரஸ்தாரம், வரிசை எண்ணிலிருந்து அடுக்கைக் காண்பது நஷ்டம், அடுக்கிலிருந்து வரிசை எண்ணைக் காண்பது உத்திஷ்டம். இன்றைய சேர்வியல் நிரல்களும் இதே வேலைகளைச் செய்கின்றன. யாப்பு நூலார் விடைகளோடு நில்லாமல் விதிகளையும் தந்தனர்; ஆகவே மாணவன் ஆசிரியரை நம்பித் தொடங்கினாலும், தானே செய்து சரிபார்த்து முடிக்க முடிந்தது.

கணினி வந்தபோது இந்த நிலை மாறியது. ஒரு தேற்றத்தை நூலகத்தில் படித்தவர் அதை வாழ்நாள் முழுவதும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம், ஆனால் கணித மென்பொருளுக்குத் தொடர்ந்து பணம் கட்ட வேண்டியிருக்கிறது என்று குலக் கோட்பாட்டுக்கான காப் மென்பொருளை உருவாக்கிய யோவாகிம் நொய்பூசர் சுட்டிக்காட்டினார். ஃப்ளோராந் இவேரும் நிக்கோலா தியெரியும் 2000இல் தொடங்கிய சேர்வியல் நிரல்தொகுதி திறந்ததாக இருந்தும், அது இயங்கிய மியூபேட் என்ற அடித்தளம் தனியார் உடைமையாக இருந்தது. 2008இல் அவர்கள் தம் பணியை, வில்லியம் ஸ்டைன் 2005இல் வெளியிட்ட சேஜ் என்ற திறந்த மூல மென்பொருளுக்கு மாற்றினர். அதே ஆண்டில் மியூபேடை மேத்வொர்க்ஸ் நிறுவனம் வாங்கியது. சேஜில் ஒருவர் எழுதும் நிரலை மற்றொருவர் படித்துப் பார்த்து ஒப்பிய பின்னரே சேர்க்கிறார்கள். விளக்கவுரையில் உள்ள எடுத்துக்காட்டுகளும் ஓட்டிச் சோதிக்கப்படுகின்றன. சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் 2014இல் இதற்கான பட்டறை நடந்தது.

உள்ளே படித்துப் பார்க்க முடியாத மூடிய நிரலின் விடை உரையளவையின்பாற்பட்டது. சைவர் உரையை ஏற்பது இறைவனின் சொல் குற்றமற்றது என்ற துணிவால். மென்பொருள் விற்கும் நிறுவனத்துக்கு அத்தகைய தகுதியை யாரும் வழங்கியதில்லை. மூல நிரல் திறந்திருந்தாலும் அதன் இலட்சக்கணக்கான வரிகளைப் பயன்படுத்துவோரில் பெரும்பாலோர் படிப்பதில்லையே, அவர்களுக்கு அதுவும் வெறும் உரைதானே என்று மறுக்கலாம். மறுப்பில் நியாயம் உண்டு. அச்சிட்ட நிரூபணங்களையும் எல்லோரும் படிப்பதில்லை. ஆயினும் படிக்காத ஒருவரும் வேண்டும்போது படிக்கலாம் என்பதும், பிழை கண்டவர் அதைச் சுட்டித் திருத்தலாம் என்பதும், அவ்வுரையைக் கருதலாக மாற்றும் வழியை அடைக்காமல் வைக்கின்றன. மூடிய நிரலிலோ அந்த வழியே இல்லை. எனவே மூடிய நிரலின் விடை புதிய ஊகங்களைத் தூண்டப் பயன்படலாமே தவிர, ஆராயும் வாய்ப்பை மறுக்கும் அளவில் நிரூபணத்தின் ஓர் அடியாக நிற்கும் தகுதி அதற்கு இல்லை.