நேர்த்திக்கடனும் கடைத்தெருவும்

கடன் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. திருப்பித் தரவேண்டிய பொருளும் கடன். செய்தே தீரவேண்டிய செயலும் கடன். நேர்த்திக்கடன் என்று நாம் வழங்குங்கால் அவ்விரண்டும் ஒன்றாகின்றன. பிள்ளையின் நோய் தீர்ந்தால் பாற்குடம் எடுப்பேன் என்று ஒரு தாய் வேண்டிக்கொள்கிறாள். நோய் தீர்கிறது. அந்நொடியே அவள் கடனாளி ஆகிறாள். பத்திரம் இல்லை, சாட்சி இல்லை. ஆயினும் வங்கிக் கடனைக் காட்டிலும் அது அவள் நெஞ்சை அழுத்துகிறது. அக்கடனைச் செலுத்தும் வழி அடைபட்டுவிட்டால் அவள் என் செய்வாள்?

இவ்வினா ஏட்டளவில் எழுந்ததன்று. கோவிட்-19 பெருந்தொற்றின் காரணமாக 2020 மார்ச் 18-ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபொழுது, வழிபாட்டு இல்லங்கள் மக்களுக்கு மூடப்பட்டன. பள்ளிவாசல்களில் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக் கூட்டம் இல்லை; புனித வெள்ளியன்று தேவாலயங்கள் வெறிச்சோடின; சித்திரைப் புத்தாண்டும் அவ்வாறே கழிந்தது. அடுத்த ஆண்டு சனவரி 28-ஆம் நாள் தைப்பூசம். கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளித்தேர் பத்துமலைக்குச் சென்றது. ஆனால் தேரின் பின்னே மக்கள் வெள்ளம் இல்லை. 272 படிகளில் காவடி ஏறவில்லை. சிங்கப்பூரிலும் அவ்வாண்டு காவடி இல்லை, நடைப்பவனி இல்லை. கோயிலார் ஆயத்தம் செய்த பாற்குடம் மட்டுமே.

எங்கள் பள்ளி மாணவி ஒருத்தியின் பாட்டி அந்நாளில் தொலைபேசியில் அழைத்தார். பேத்தியின் இணையவழிப் பாடத்தைப் பற்றி இரண்டொரு சொல் கேட்டபின், உள்ளத்தில் இருந்ததைச் சொன்னார். "வாத்தியாரையா, மூணு வருசம் பாற்குடம் எடுக்கறதா வேண்டியிருந்தேன். ரெண்டு வருசம் முடிஞ்சிருச்சு. சாமிகிட்ட எப்படிங்க தவணை கேக்கறது?" கற்றவர் பலர் இதனை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. கொடுத்த சொல்லைக் காக்கவேண்டுமே என்னும் கவலையிலிருந்துதான் அறம் தொடங்குகிறது. அக்கவலை அற்றவனுக்குக் கோயில் மூடியிருந்தால் என்ன, திறந்திருந்தால் என்ன?

ஈண்டு ஆராயத்தக்கது, நேர்த்திக்கடன் எதனைக்கொண்டு செலுத்தப்படுகிறது என்பது. காவடி எடுப்பவர் பல நாள் நோன்பிருக்கிறார், புலால் தவிர்க்கிறார், வெறுந்தரையில் படுக்கிறார், அலகு குத்திக்கொள்கிறார். வலி முழுவதும் அவருடையது. அடுத்த வீட்டுக்காரர் முதுகில் அலகு குத்தி, அதனைத் தம் காணிக்கையாகச் செலுத்த எவரும் எண்ணார். ஆயின் தொற்று பரவும் காலத்தில் பல்லாயிரவர் கூடும் இடத்திற்குச் சென்று திரும்புபவர் செய்வது ஏறத்தாழ அதுவே. வீட்டில் இருக்கும் முதியவரின் உடலையும், தொடர்வண்டியில் பக்கத்தில் நின்றவரின் உடலையும், அவர்தம் இசைவு பெறாமலே முருகன் முன் வைத்துவிட்டு வருகிறார். திருக்குறளில் தவம் என்னும் 27-ஆம் அதிகாரத்தின் முதற் குறளிலேயே, தமக்கு நேர்ந்த துன்பத்தைத் தாங்குவதையும் பிற உயிர்க்குத் தீங்கு செய்யாமையையும் வள்ளுவர் பிரிக்காமல் ஒருசேர வைத்துக் காட்டுகிறார். முதற் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டவர், உடலை எவ்வளவு வருத்தினும் பாதித் தவமே செய்தவர் ஆவார்.

நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். பெரியம்மை உலகினின்று ஒழிந்தது என உலகச் சுகாதார நிறுவனம் 1980-இல் அறிவித்தது. அந்நோய் ஊர்களை வாட்டிய காலத்தில் அம்மை கண்ட வீட்டின் வாயிலில் வேப்பிலை செருகுவர். அதனைக் கண்ட அயலார் உள்ளே நுழையார்; அவ்வீட்டாரும் பிறர் வீட்டுச் சிறப்புகளுக்குச் செல்லார். அஃது அம்மனுக்குச் செய்யும் மரியாதை எனக் கருதப்பட்டது. வீட்டுக்குள் அடங்கியிருத்தலே வழிபாடாயிற்று. இறப்பு நேர்ந்த வீட்டில் அவ்வாண்டு தீபாவளி இல்லை என்பதும் நாம் அறிந்ததே. பண்டிகையைக் கொண்டாடுவதற்கு முறை இருப்பதுபோல் விடுவதற்கும் நம்மிடம் முறை இருந்திருக்கிறது. பாட்டியிடம் நான் கூறியதும் இதுதான். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். முழு மனநிறைவு அடைந்தாரா என்பது ஐயமே. மூன்றாம் பாற்குடம் அவர் கணக்கில் அப்படியே நின்றது.

இனி, அக்காலத்தில் அடிக்கடி எழுந்த முறையீடு ஒன்றைப் பார்ப்போம். "அங்காடி திறந்திருக்க ஆலயம் மூடியிருப்பதேன்?" என்று பலர் கேட்டனர். அரிசியை வீட்டில் விளைவிக்க இயலாது, பொங்கலை வீட்டில் வைக்கலாம் என்பது எளிய விடை. அவ்விடையில் உண்மை உண்டு. ஆயினும் அது போதுமானதாக எனக்குப் படவில்லை. தனித்து வாழும் முதியவர் பலர்க்கு நாள்தோறும் நான்கு பேர் முகம் பார்க்கும் இடம் கோயில் ஒன்றே. அவர்க்கு அதுவும் ஒருவகை உணவு. அந்த இழப்பைச் சிறிதென்று சொல்ல நமக்கு உரிமையில்லை. மேலும், பண்டிகையையும் கடைவேலையையும் அவ்வளவு எளிதில் பிரித்துவிடவும் முடியாது. 2021 சனவரி 13-ஆம் நாள் சிலாங்கூர், பினாங்கு, ஜொகூர் உள்ளிட்ட இடங்களில் ஆணை மீண்டும் நடப்புக்கு வந்தது; மறுநாள் பொங்கல். கரும்புக்கும் மஞ்சட்கொத்துக்கும் புதுப்பானைக்கும் கடைத்தெருவில் நெருங்கி நிற்பது வழிபாடா, கடைவேலையா?

முறையீட்டின் கூர்மை இங்கேதான் இருக்கிறது. நாம் கடைக்குச் சென்றதெல்லாம் அரிசிக்காகத்தானா? 2020-இல் வீட்டுக்கு ஒருவரே, அதுவும் 10 கிலோமீட்டருக்குள், சென்று பொருள் வாங்கலாம் என்று விதி இருந்தது. (அதுவரை சந்தைப் பக்கம் எட்டிப் பாராத குடும்பத் தலைவர்கள், எது முருங்கைக்கீரை, எது மணித்தக்காளி என்று மனைவியரைத் தொலைபேசியில் கேட்டு நின்ற காட்சியை நாடே கண்டு சிரித்தது. அது நல்ல கல்விதான்.) கோயிலுக்குச் செல்லாமையால் தம் கடமை முடிந்ததென எண்ணியவர், காலையில் ரொட்டிக்கும் நண்பகலில் கொத்துமல்லிக்கும் மாலையில் வெற்றிலைக்கும் வெளியே சென்றுவந்தார். கூட்டம் கண்ணுக்குத் தெரியும். தனி ஒருவர் நாளுக்கு மூன்று முறை கடைக்குச் செல்வது எவர் கண்ணுக்கும் தெரியாது. திருவிழாவைக் கண்டிப்பது எளிது; கொத்துமல்லியைக் கண்டிப்பார் யார்?

அக்கடையில் நின்றவரை எண்ணிப் பார்க்கவேண்டும். தைப்பூசம் சிலாங்கூரில் பொது விடுமுறை. அன்றும் பேரங்காடியின் காசாளர் முகக்கவசத்துடன் நின்றுகொண்டுதான் இருந்தார். உணவு கொண்டுவரும் இளைஞர் மோட்டார் சைக்கிளில் ஓடிக்கொண்டுதான் இருந்தார். நாம் வீட்டில் அடங்கியிருந்தது அவர்கள் வெளியே நின்றதனால் இயன்றது. அவர்களுள் சிலர்க்கும் செலுத்தவேண்டிய காவடி இருந்திருக்கலாம். அதனைச் செலுத்தும் வழியும் இல்லை. வீட்டில் இருக்கும் வழியும் இல்லை.

ஆதலின் அக்காலத்தில் ஏழு நாளைக்கு ஒருமுறை எனத் திட்டம் செய்து, வேண்டியதைத் தாளில் எழுதிக்கொண்டு, ஒரே நடையில் வாங்கித் திரும்பியவர்களின் பட்டியலை நான் ஒரு நோன்பாகவே மதிக்கிறேன். அதற்கு விளக்கும் இல்லை, மணியோசையும் இல்லை. எழுத மறந்த பொருள் அவ்வாரம் கிடையாது. புளி தீர்ந்துவிட்டால் அடுத்த வாரம்வரை ரசம் இல்லை.