பகையால் கூடியவர்கள்

ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் குழுவாகப் பதிவு பெற்றால் நிதி கிடைக்கும், அவையில் பேசக் கூடுதல் நேரம் கிடைக்கும். 2007 ஜனவரியில் ருமேனியாவும் பல்கேரியாவும் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த கையோடு, தீவிர வலதுசாரிக் கட்சிகள் அந்தத் தகுதியை எட்டின. அப்போது 6 நாடுகளிலிருந்து 20 பேர் தேவைப்பட்டார்கள், சேர்ந்துவிட்டார்கள். பிரான்சின் ழான்-மரி லெ பென், இத்தாலியச் சர்வாதிகாரி முசோலினியின் பேத்தி அலெசாண்ட்ரா, அகன்ற ருமேனியா கட்சியினர் எல்லோரும் ஒரே அணி. ‘அடையாளம், மரபு, இறையாண்மை’ என்பது அதன் பெயர்.

நவம்பரில் அது கலைந்தது. ரோமில் ஒரு பெண் கொல்லப்பட்ட வழக்கில் ருமேனியாவிலிருந்து வந்த ஒருவர் கைதானார். சட்டத்தை மீறுவதே ருமேனியர்களின் வாழ்க்கைமுறை என்ற பொருளில் அலெசாண்ட்ரா பேசினார். ருமேனிய உறுப்பினர்கள் 5 பேரும் வெளியேறினார்கள். எண்ணிக்கை 20-க்குக் கீழே இறங்கியது.

அலெசாண்ட்ரா அணியின் கொள்கையை மீறவில்லை என்றே நினைக்கிறேன். ஒருவன் செய்த குற்றத்தை அவன் இனத்தின் மீதே ஏற்றும் வழக்கத்தை, பக்கத்தில் அமர்ந்திருந்தவர்கள் மீதும் காட்டினார், அவ்வளவுதான். அந்த ருமேனியக் கட்சியோ தன் நாட்டில் ஹங்கேரியர்களையும் ரோமா என்ற சிறுபான்மை இன மக்களையும் அப்படித்தான் பேசிவந்தது. ஆனாலும் அக்கட்சியினர் பட்ட அவமானம் பொய்யல்ல. தன் இனத்துக்காக எழுந்து வெளியேறத் தெரிந்தவர்களுக்கு, ரோமா குடும்பம் ஒன்றின் வலி மட்டும் எப்படி எட்டாமல் போயிற்று?

இதை ஐரோப்பாவின் நோய் என்று ஒதுக்கிவிட முடியாது. அலுவலகத்திலும் கல்யாண வீட்டிலும், அங்கே இல்லாத ஒரு கூட்டத்தாரைப் பழித்துப் பேசும்போது நெருக்கம் சட்டென்று வந்துவிடுகிறது. “அவன் செய்ததைச் சொல்லுங்கள், அவன் ஆட்களை இழுக்காதீர்கள்” என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். சொன்னால் சில உறவுகள் கசக்கும். கசந்தாலும் சொல்லத்தான் வேண்டும். நம் முறை வந்தபின் பேசும் நியாயத்துக்கு வலு குறைவு.

பகையால் கூடும் அணிகள் தாமே உடைந்துவிடும் என்று சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். 2024 மே மாதம், ஹிட்லரின் எஸ்.எஸ். படையினர் எல்லோரையும் குற்றவாளிகள் என்று சொல்லிவிட முடியாது என்று ஜெர்மனியின் தீவிர வலதுசாரி ஏ.எஃப்.டி. கட்சி வேட்பாளர் மாக்சிமிலியன் க்ரா சொன்னதை அடுத்து, அக்கட்சியை அதன் கூட்டாளிகளே தங்கள் நாடாளுமன்றக் குழுவிலிருந்து வெளியேற்றினார்கள். உடைந்தது உண்மைதான். ஆனால் ஜூலையில் பிரான்சின் ஜோர்டான் பர்டெல்லா தலைமையில் 84 பேர் கொண்ட தீவிர வலதுசாரிக் குழு ஒன்று உருவாயிற்று, வெளியேற்றப்பட்ட ஏ.எஃப்.டி.யும் 25 பேரைத் திரட்டித் தனிக்குழு அமைத்துக்கொண்டது.